பிரைமரில ஒரு உளறல் ஒரு கேண்டிடேட்டைக் காலி பண்ணுமா?

பிரைமரின்னா ஜனாதிபதி தேர்தலுக்கு முன்னாடி ஒரு கட்சி தன் வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ண நடத்தற உட்கட்சித் தேர்தல். கேட்டவர் ஒரே மூச்சுல ரெண்டு மூணு விஷயம் கேட்டிருக்கார். ரிக் பெர்ரி ஒரே ஒரு "ஊப்ஸ்" சொல்லி காலி ஆனார், ஹோவர்ட் டீன் மேடையில ஒரு கத்தல் கத்தி காலி ஆனார், ஆனா டிரம்ப் வாய்க்கு வந்ததெல்லாம் பேசியும் 2016ல நாமினேஷனை, அதாவது கட்சியோட வேட்பாளர் இடத்தை, தட்டிட்டுப் போனார், அப்ப உளறல்னால நிஜமாவே ஏதாவது ஆகுதா இல்லையா, கமலா ஹாரிஸ் 2019ல அயோவா வரைக்கும்கூட தாக்குப்பிடிக்காததுக்கும் இதுதான் காரணமான்னு. இதுக்கெல்லாம் அடியில இருக்கறது ஒரே கேள்விதான்: உளறினதால தோத்தாங்களா, இல்ல ஏற்கனவே தோத்துட்டு இருந்தவங்களோட உளறல் மட்டும் நமக்கு ஞாபகத்துல நிக்குதா? நான் அமெரிக்க தேர்தல் பாடம் நடத்துற ஆளு, பிரைமரி சர்வே டேட்டாவோட ரொம்ப வருஷமா மல்லுக்கட்டிட்டு இருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன், பெரும்பாலும் ரெண்டாவதுதான். ஆனா எப்பவும் இல்ல, அந்த "எப்பவும் இல்ல"லதான் விஷயமே இருக்கு.

முதல்ல, நவம்பர் தேர்தலுக்கும் பிரைமரிக்கும் இருக்கற வித்தியாசம். நவம்பர்ல எதிர்ல நிக்கறது வேற கட்சி. தன் கட்சி ஆளு எவ்வளவு சொதப்பினாலும் வோட்டர் திட்டிக்கிட்டே அவருக்குத்தான் போடுவார். பிரைமரில அந்தப் பிடிமானம் கிடையாது, நிக்கற எட்டு பத்து பேரும் ஒரே கட்சி, கொள்கையும் முக்காவாசி ஒண்ணுதான், அதனால ஒருத்தரை விட்டுட்டு பக்கத்துல இருக்கறவர்கிட்ட போக யாருக்கும் மனசு உறுத்தாது. அதுவுமில்லாம இது ஒரே நாள்ல முடியற தேர்தல் இல்ல, அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், சவுத் கரோலினான்னு மாநிலம் மாநிலமா நடக்கும், முதல் மாநிலத்துல என்ன ஆச்சுங்கறதை வச்சுத்தான் அடுத்த மாநிலத்துக்காரங்க முடிவு பண்ணுவாங்க, டொனேஷன் குடுக்கறவங்களும் அதைப் பாத்துத்தான் செக் எழுதுவாங்க. அதாவது ஒரு சொதப்பல் வோட்டரை நேரா தொடாமலே பணம் வழியா, பத்திரிகை வழியா, கட்சிப் பெரியவங்க வழியா சுத்தி வந்து அடிக்க முடியும். இதுவரைக்கும் சொன்னதுல பெரிசா யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

பெர்ரி கதைக்கு வருவோம், ஏன்னா எல்லாரும் சொல்ற உதாரணம் அதுதான், எல்லாரும் தப்பா சொல்ற உதாரணமும் அதுதான். டெக்சாஸ் கவர்னரா இருந்தவர் 2011 ஆகஸ்ட்ல ரிபப்ளிகன் பிரைமரி களத்துல இறங்கினார், இறங்கின வேகத்துல காலப் நிறுவனத்தோட சர்வேல 29 சதவீதம், எதிர்ல நின்ன மிட் ராம்னிக்கு 17தான். நவம்பர் 9ம் தேதி மிச்சிகன்ல நடந்த சிஎன்பிசி டிபேட்ல, நான் வந்தா மூணு டிபார்ட்மெண்டை இழுத்து மூடிருவேன்னு ஆரம்பிச்சு, காமர்ஸ், எஜுகேஷன், அப்புறம்... அப்புறம்னு மூணாவது பேர் வராம ஒரு நிமிஷம் கிட்ட முழிச்சு, கடைசில "ஊப்ஸ்"னார். (அந்த மூணாவது எனர்ஜி டிபார்ட்மெண்ட், 2017ல டிரம்ப் அவரை அதுக்கே மந்திரி ஆக்கினார்.) ஆனா தேதியைப் பாருங்க. நவம்பர் 9க்கு முன்னாடியே அவர் 10 சதவீதம் பக்கம் வந்து விழுந்தாச்சு. விழ வச்சது செப்டம்பர் மாசத்து டிபேட்டுங்க. ஒர்லாண்டோல, குடியேற்ற பேப்பர் இல்லாம வந்த குடும்பங்களோட பசங்ககிட்ட டெக்சாஸ் காலேஜ்ல குறைஞ்ச உள்ளூர் ஃபீஸ் மட்டும் வாங்கறது தப்புன்னா உங்களுக்கு இதயமே இல்லைனு அர்த்தம்கற மாதிரி பேசினார். இது வாய்தவறி வந்தது இல்ல, அவர் நிஜமா நம்பினது, ஆனா ரிபப்ளிகன் பிரைமரி வோட்டர்கிட்ட அதைவிட மோசமா ஒண்ணு சொல்லிருக்கவே முடியாது. ஏற்கனவே ஆடிட்டிருந்த பல்லு முறுக்கு கடிக்கறப்ப விழுந்தா பழி முறுக்கு மேலதான், ஊப்ஸ் அந்த முறுக்கு. மீண்டு வர இருந்த கொஞ்சநஞ்ச வழியையும் அது அடைச்சுது, அவ்வளவு வரைக்கும் சொல்லலாம். அயோவால அஞ்சாவது, 2012 ஜனவரி 19 விலகிட்டார்.

டீன், 2004 டெமாக்ரட் பிரைமரில நின்னவர், அவர் கதைல தேதி இன்னும் தெளிவு. 2004 ஜனவரி 19 ராத்திரி அந்தக் கத்தல் நடக்கறப்ப அயோவா ரிசல்ட் வந்தாச்சு, கெர்ரி 38, எட்வர்ட்ஸ் 32, டீன் 18. மூணாவது வந்த ஆளு சோர்ந்து போன தொண்டருங்களை உசுப்பேத்தத்தான் மாநிலப் பேரா அடுக்கிக் கத்தினார். ஹால்ல இருந்த இரைச்சலை அவர் கைல இருந்த மைக் வாங்கல, அதனால டிவில கேட்டவங்களுக்கு ஒரு மனுஷன் தனியா வெறிபிடிச்ச மாதிரி கத்தறதா இருந்துச்சு, அங்க நேர்ல இருந்தவங்களுக்கு அப்படி ஒண்ணும் தோணல. அயோவால அவர் சரிஞ்சதுக்கு கடைசி ரெண்டு வாரம் அவரும் இன்னொரு போட்டியாளர் கெப்ஹார்ட்டும் விளம்பரத்துல ஒருத்தரை ஒருத்தர் குதறிக்கிட்டது ஒரு காரணம், ஈராக் போர் எதிர்ப்புல இவ்வளவு கோவமா இருக்கற ஆளு நவம்பர்ல ஜனாதிபதி புஷ்ஷை ஜெயிப்பாராங்கற சந்தேகம் இன்னொரு காரணம். கத்தல் வந்ததும் அந்த சந்தேகத்துக்கு ஒரு வீடியோ கிடைச்சுது. அடுத்த வாரம் நியூ ஹாம்ப்ஷயர்ல 26 சதவீதம் வாங்கி ரெண்டாவது வந்தார், அதாவது கத்தினதுக்கு அப்புறம் வாங்கின சதவீதம் கத்தறதுக்கு முன்னாடி வாங்கினதைவிட அதிகம். இதை யாரும் ஞாபகம் வச்சுக்கறதில்ல.

இந்த ரெண்டு கதைலயும் பொதுவா இருக்கறதை நான் கிட்டத்தட்ட நிச்சயமாவே சொல்லுவேன்: ஏற்கனவே மக்கள் மனசுல ஓடிட்டு இருக்கற சந்தேகத்தோட பொருந்தற உளறல்தான் ஒட்டும். பெர்ரி விஷயம் தெரியாதவரோன்னு சந்தேகம் இருந்துச்சு, டீன் நிதானம் இல்லாதவரோன்னு இருந்துச்சு. 1967ல ஜார்ஜ் ராம்னி, மிட் ராம்னியோட அப்பா, மிச்சிகன் கவர்னர், வியட்நாம் போனப்ப ஜெனரலுங்களும் தூதரக ஆளுங்களும் என்னை நல்லா மூளைச்சலவை பண்ணிட்டாங்கன்னு ஒரு டிவி பேட்டில சொன்னார். போரைப் பத்தி அவர் சொல்ல வந்தது ஒண்ணும் பைத்தியக்காரத்தனம் இல்ல, பின்னாடி நாடே அதைத்தான் சொல்லுச்சு. ஆனா வியட்நாம் பத்தி அவர் நாளுக்கு ஒரு மாதிரி பேசறார்ங்கற பேர் முன்னாடியே இருந்ததால, தெளிவில்லாத ஆளுன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. ஒரு ஓட்டுகூட விழறதுக்கு முன்னாடி, 1968 பிப்ரவரி கடைசில விலகினார்.

எனக்கு ரொம்ப சுவாரசியமா தோணறது 1972ல எட்மண்ட் மஸ்கி. மெய்ன் மாநில செனட்டர், டெமாக்ரட் தரப்புல முன்னணி, நிதானமான ஆளுன்னு பேர். நியூ ஹாம்ப்ஷயர்ல மான்செஸ்டர் யூனியன் லீடர்னு ஒரு பேப்பர், அதோட முதலாளி வில்லியம் லோப், வலதுசாரி, மஸ்கியைக் கண்டாலே ஆகாது. பிரெஞ்சு கனடா வம்சாவளிக்காரங்களை இளக்காரமா சொல்ற "கனக்"ங்கற வார்த்தையைக் கேட்டு மஸ்கி சிரிச்சார்னு ஒரு லெட்டர் அந்த பேப்பர்ல வந்துச்சு, அந்த மாநிலத்துல அந்த வம்சாவளி ஓட்டு நிறைய. லெட்டர் போலி, ரிபப்ளிகன் ஜனாதிபதி நிக்சன் ஆளுங்களோட திருவிளையாடல்னு பிற்பாடுதான் வெளிய வந்துச்சு. கூடவே மஸ்கி மனைவியைப் பத்தியும் கேவலமா ஒண்ணு போட்டாங்க. மஸ்கி பிப்ரவரி 26 கொட்டற பனில அந்த பேப்பர் ஆபீஸ் வாசல்லயே ஒரு லாரி மேல ஏறி நின்னு லோப்பைக் கிழிச்சார், மனைவி பத்தி பேசறப்ப குரல் உடைஞ்சு போச்சு. அழுதாருன்னு செய்தி வந்துச்சு. முகத்துல இருந்தது உருகின பனிதான்னு அவர் கடைசி வரைக்கும் சொன்னார். அதை எழுதின வாஷிங்டன் போஸ்ட் ரிப்போர்ட்டர் டேவிட் பிரோடரே பல வருஷம் கழிச்சு, பின்னணி தெரியாம எழுதினதைப் பத்தி சங்கடப்பட்டு எழுதினார்.

இப்ப ரிசல்ட். நியூ ஹாம்ப்ஷயர்ல மஸ்கி 46 சதவீதம், போட்டியாளர் மெக்கவர்ன் 37. ஜெயிச்சவர் மஸ்கி! ஒம்பது பாயிண்ட் வித்தியாசத்துல! ஆனா பக்கத்து மாநிலத்துக்காரர், 50க்கு மேல வாங்குவார்னு அவரோட ஆளுங்களே வாய் விட்டுட்டாங்க, அதனால 46ங்கறது தோல்வியா எழுதப்பட்டுச்சு, மெக்கவர்ன் "எதிர்பார்த்ததைவிட" நல்லா பண்ணார்னு அவர் பக்கம் வெளிச்சம் திரும்பிச்சு. ஒரு வாரத்துல ஃப்ளோரிடால மஸ்கி நாலாவது இடம், 9 சதவீதம் பக்கம். கண்ணீரா பனியாங்கறதைவிட அந்த 50ங்கற எண்ணை வெளில விட்டதுதான் பெரிய சொதப்பல்னு எனக்கு தோணும். அதே சமயம் ஃப்ளோரிடால இன்னொரு போட்டியாளர் வாலஸ் 42 சதவீதம் வாங்கினதுக்கு ஸ்கூல் பஸ் பிரச்சனை (கறுப்பின, வெள்ளைக்கார பசங்களைக் கலக்க அவங்களை வேற ஏரியா ஸ்கூலுக்கு பஸ்ல அனுப்பறது) காரணம், அதுக்கும் பனிக்கும் சம்பந்தமே இல்ல. மஸ்கி அழுததால தோத்தார்ங்கறது கதையா நல்லா இருக்கு, ஆதாரமா பாத்தா தொளதொளன்னு இருக்கு.

இதோட சம்பந்தப்பட்ட இன்னொண்ணு, அது பிரைமரி இல்ல, 1976 அக்டோபர் டிபேட். கிழக்கு ஐரோப்பால சோவியத் ஆதிக்கம் இல்லன்னு அப்ப ஜனாதிபதியா இருந்த ஜெரால்ட் ஃபோர்ட் சொன்னார். அன்னிக்கு ராத்திரியே போன் போட்டுக் கேட்ட சர்வேல, பாத்த ஜனங்க ஒண்ணும் பெரிசா கண்டுக்கல. மறுநாள் பூரா செய்தில அது மட்டுமே ஓடினதுக்கு அப்புறம் கேட்டா ஃபோர்ட் படுதோல்வின்னாங்க. அதாவது உளறல்ங்கறது சொன்ன இடத்துல பிறக்கறதில்ல, பல சமயம் மறுநாள் காலைலதான் பிறக்குது. அன்னிக்கு அதை முடிவு பண்ணது மூணு டிவி நெட்வொர்க்கும் சில பேப்பரும், இன்னிக்கு ஆளாளுக்கு ஒரு க்ளிப்பை வெட்டிப் போடறாங்க, எது நிக்கும் எது போகும்னு முன்கூட்டி சொல்றது முன்னைவிட கஷ்டம்.

சரி, டிரம்ப். 2015 ஜூலை 18 அயோவால, ரிபப்ளிகன் செனட்டர் ஜான் மெக்கெய்ன் போர்க்கைதியா இருந்ததைக் கிண்டல் பண்ணி, பிடிபடாதவங்களைத்தான் எனக்கு பிடிக்கும்னார். அன்னிக்கு சாயந்திரம் பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் முடிஞ்சது கதைன்னு எழுதினாங்க. முன்னணி நகரவே இல்ல. மேல சொன்ன அதே விதியை வச்சுப் பாத்தா இதுல மர்மம் ஒண்ணும் இல்லைங்க. அவருக்கு விழுந்த ஆதரவே அரசியல்வாதி மாதிரி அளந்து பேசமாட்டார்ங்கறதுக்குத்தான், அப்ப வாய்க்கு வந்ததைப் பேசறது அந்த இமேஜை உடைக்கறதில்ல, உறுதிப்படுத்துது. மெக்கெய்ன் மேல அந்த வோட்டர்ல ஒரு பகுதிக்கு ஏற்கனவே கடுப்பு. எதிர்ல பதினாறு பேர், ஓட்டு சிதறிக் கிடந்துச்சு, சவுத் கரோலினால மூணுல ஒரு பங்கு ஓட்டு வாங்கி இருந்த 50 டெலிகேட்டையும் (கட்சி மாநாட்டுல வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு போடற பிரதிநிதிங்க) மொத்தமா அள்ளிட்டார், கட்சி விதி அப்படி. ஆனா ஒரு வேடிக்கை. 2015 நவம்பர்ல அயோவாக்காரங்க எவ்வளவு முட்டாளுங்கன்னு அயோவா மேடையிலயே கேட்டார், பிப்ரவரில அங்க போட்டியாளர் டெட் குரூஸ்கிட்ட தோத்தார். அதனாலதான் தோத்தார்னு யாரும் சொல்றதில்ல, குரூஸோட சர்ச் நெட்வொர்க்தான் காரணம்னு சொல்லுவாங்க, அது சரியும்கூட. ஆனா அவர் மொத்தமா தோத்திருந்தா இன்னிக்கு அந்த முட்டாள் பேச்சுதான் பாடப்புத்தகத்துல இருந்திருக்கும். ஜெயிச்சவங்களோட உளறலை நாம கணக்குல எடுக்கறதே இல்ல. ராம்னி டிபேட்ல பத்தாயிரம் டாலர் பந்தயமான்னு கேட்டார், ரொம்ப ஏழைங்களைப் பத்தி எனக்கு கவலை இல்லைன்னார், அவர் 2012 நாமினி. நாமினேஷன் வாங்கினாரே, அப்ப இதெல்லாம் உளறல் இல்லையா?

நிஜமாவே உளறல் ரேஸைத் திருப்பினதுக்கு நான் காட்டற உதாரணம் ஒண்ணே ஒண்ணுன்னா, 2016ல டிரம்பை எதிர்த்து நின்ன மார்கோ ரூபியோ. அயோவால 23 சதவீதம் வாங்கி மூணாவது வந்தார், கட்சிப் பெரியவங்க இவரைச் சுத்திதான் சேரப்போறாங்கன்னு பேச்சு. பிப்ரவரி 6 மான்செஸ்டர் டிபேட்ல இன்னொரு போட்டியாளர் கிறிஸ் கிறிஸ்டி, நீங்க மனப்பாடம் பண்ண 25 செகண்ட் பேச்சைத்தான் ஒப்பிக்கறீங்கன்னு குத்தினார், அதுக்கு பதிலா ரூபியோ ஒபாமா பத்தின அதே வரியை, கிட்டத்தட்ட அச்சு மாறாம, திரும்பத் திரும்ப ஒப்பிச்சார். மூணு நாள்ல நியூ ஹாம்ப்ஷயர் ஓட்டு, அஞ்சாவது இடம், 10 சதவீத சொச்சம். தோல்விக்கு நான்தான் காரணம், அன்னிக்கு டிபேட்ல சொதப்பிட்டேன்னு அவரே மேடையில ஒத்துக்கிட்டார். இதுல எல்லா அம்சமும் ஒண்ணு சேர்ந்துச்சு: வயசு கம்மி, ஆழமில்லைங்கற பழைய சந்தேகம், நடுவுல மூணே நாள், பக்கத்துலயே கேசிக், ஜெப் புஷ்னு தாவ வசதியா ஆளுங்க. ஆனா ரெண்டு வாரம் கழிச்சு சவுத் கரோலினால இதே ரூபியோ ரெண்டாவது வந்துட்டார், அதையும் சேர்த்துத்தான் சொல்லணும். அவருக்கு நிஜமா போனது ஓட்டு இல்ல, அந்த ரெண்டு வாரம், அதுக்குள்ள புஷ்ஷும் கேசிக்கும் ஒதுங்கிருக்க வேண்டியவங்க ஒதுங்கல. சொதப்பாம இருந்திருந்தா டிரம்பைத் தடுத்திருப்பாரான்னு கேட்டா, அது யாராலயும் நிரூபிக்க முடியாத கேள்வி, என் கணிப்பு இல்லைங்கறதுதான்.

காலம் மாதிரியே இடமும் முக்கியம். 1984 டெமாக்ரட் பிரைமரி சீசன் கடைசில போட்டியாளர் கேரி ஹார்ட், மனைவி கலிஃபோர்னியால பிரச்சாரம் பண்றப்ப கோவாலா கரடியைத் தூக்கினாங்க, நியூ ஜெர்சில எனக்கு கிடைச்சது விஷக்கழிவு சாம்பிள்தான்னு கலிஃபோர்னியால ஜோக் அடிச்சார். ரெண்டு மாநிலத்துலயும் ஒரே நாள் ஓட்டு. கலிஃபோர்னியா ஜெயிச்சார், நியூ ஜெர்சி எதிர்ல நின்ன மாண்டேல்கிட்ட போச்சு. அதுக்கு நேர் எதிர் ஒபாமா: 2008 ஏப்ரல்ல, கசப்புல இருக்கற சின்ன ஊர்க்காரங்க துப்பாக்கியையும் மதத்தையும் பிடிச்சுத் தொங்கறாங்கன்னு சான் ஃபிரான்சிஸ்கோல பணக்காரங்க மத்தியில பேசினது வெளிய வந்துச்சு, பென்சில்வேனியா ஓட்டுக்கு பத்து நாள்தான் பாக்கி. அங்க ஹிலரி 9 பாயிண்ட்ல ஜெயிச்சாங்க, ஆனா அவங்க அங்க முன்னாடியே முன்னணி, டெலிகேட்டும் டெமாக்ரட் கட்சில ஓட்டு விகிதப்படிதான் பிரியும், அதனால ஹிலரிக்கு நிகரமா கிடைச்சது பத்து சொச்சம் டெலிகேட். ஒபாமாவோட லீடைத் தொடக்கூட அது பத்தல. ஆனா அதே விகித முறைல 15 சதவீதத்துக்குக் கீழ போனா பூஜ்யம்தான், அதனால 16ல இருக்கறவர் உளறி 14க்கு வந்தா மொத்தமும் போச்சு, 45ல இருக்கறவர் 43க்கு வந்தா கீறல்கூட விழாது.

யார் காப்பாத்த வர்றாங்கங்கறதும் இருக்கு. 1976ல ஜிம்மி கார்ட்டர், அக்கம்பக்கத்தோட இனத் தூய்மையைக் காப்பாத்தறதுல தப்பில்லைங்கற மாதிரி சொல்லி மாட்டினார். மன்னிப்பு கேட்டார், அதைவிட முக்கியம், மார்ட்டின் லூதர் கிங்கோட அப்பா அட்லாண்டா மேடையில வந்து அவரைக் கட்டிப்பிடிச்சார். அந்த மாசக் கடைசில பென்சில்வேனியா ஜெயிச்சார். பைடன் 2020ல தினம் ஒண்ணு உளறினார், அயோவால நாலாவது, நியூ ஹாம்ப்ஷயர்ல அஞ்சாவது, அப்புறம் சவுத் கரோலினால அந்த மாநில கறுப்பின எம்.பி. கிளைபர்ன் ஆதரவு சொன்னதும் எல்லாம் மாறிடுச்சு. பைடன் உளறுவார்ங்கறது அந்த வோட்டருங்களுக்கு முப்பது வருஷமா தெரியும், புதுசா அதிர்ச்சி ஆக ஒண்ணும் இல்ல.

கடைசியா கமலா ஹாரிஸ். 2019 ஜூன் டிபேட்ல பைடனை ஸ்கூல் பஸ் விஷயத்துல மடக்கினதும் சர்வேல 15 பக்கம் ஏறினாங்க. அதே டிபேட்ல, தனியார் மெடிக்கல் இன்ஷூரன்ஸை ஒழிப்பீங்களான்னு கேட்டப்ப கை தூக்கினாங்க, மறுநாள் கேள்வியைத் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னாங்க, ஜூலை கடைசில தனியார் கம்பெனிக்கும் இடம் இருக்கற மாதிரி வேற திட்டம் விட்டாங்க. நிலையான கொள்கை இல்லாதவங்கன்னு ஏற்கனவே இருந்த முணுமுணுப்புக்கு இது தீனி போட்டுச்சு, இது வரைக்கும் எனக்கு சந்தேகம் இல்ல. டெட்ராய்ட் டிபேட்ல போட்டியாளர் துளசி கபார்ட், ஹாரிஸ் அரசு வக்கீலா (ப்ராசிக்யூட்டர்) இருந்த காலத்தைக் கையில எடுத்தது அடுத்த அடி. ஆனா டிசம்பர் 3ல விலகறப்ப அவங்க சொன்ன காரணம் பணம் இல்லைங்கறது, அதை நான் நம்பறேன், இடது பக்கம் வாரனும் சாண்டர்ஸும் உக்காந்துட்டாங்க, சவுத் கரோலினா கறுப்பின வோட்டருங்க பைடனை விட்டு நகரல, அவங்க நிக்க இடமே இல்லாம போச்சு. இன்ஷூரன்ஸ் குழப்பம் நடக்காம இருந்திருந்தாலும் நாமினேஷன் கிடைச்சிருக்கும்னு நான் நினைக்கல.

அவங்களை நிஜமா விலை குடுக்க வச்சது, அந்த சமயத்துல யாரும் பெரிசா உளறல் லிஸ்ட்டுல சேர்க்காத பதில்கள்தான். 2019 செப்டம்பர்ல சிஎன்என் நிகழ்ச்சில ஃபிராக்கிங்கை (பூமிக்கடில பாறையைப் பிளந்து எண்ணெய், கேஸ் எடுக்கறது) தடை பண்ண ஆதரவுன்னு சொன்னாங்க, சிறைல இருக்கற திருநர்களுக்கு அரசு செலவுல ஆபரேஷன் பத்தின கேள்விக்கும் ஆமாம்னு பதில் குடுத்திருந்தாங்க, பிரைமரி வோட்டரைக் கவர அன்னிக்கு பல பேர் அப்படித்தான் பேசிட்டு இருந்தாங்க. 2024 ஜூலைல பைடன் விலகி, இவங்க ஒரு பிரைமரிகூட சந்திக்காம நாமினி ஆனாங்க, ஃபிராக்கிங்கை நம்பி இருக்கற பென்சில்வேனியா முடிவு பண்ற மாநிலம். அங்க தோத்ததுக்கு இதுதான் காரணம்னு சொல்லமாட்டேன், விலைவாசி இதையெல்லாம்விட பெரிய காரணம். ஆனா டிரம்ப் தரப்பு அவங்களை அடிக்க எடுத்த பேச்சும் க்ளிப்பும் பெரும்பாலும் அந்த 2019 பிரைமரில இருந்து வந்ததுதான்.